பூஜையில் வைத்த மஞ்சள் பெட்டி

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தண்ணீர் என்றால் கொஞ்சமும் பயம் கிடையாது. மருதைக்கு அதுதான் தீராத எரிச்சல். படகில் ஏறி உட்காருவதற்குள் போனை எடுத்து நீட்டுவார்கள். மிதவைச் சட்டையைப் போடு என்றால் புடவை கசங்குகிறது என்பாள் ஒருத்தி, போட்டோவில் குண்டாகத் தெரிகிறது என்பான் ஒருவன். விளிம்பில் உட்காராதே என்று சொன்னால், "எனக்கு நீச்சல் தெரியும் பெரியவரே" என்று பல்லைக் காட்டுவான். என்ன நீச்சல்? ஓட்டல் தொட்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் பழகிய நீச்சல். எது நடந்தாலும் ஒரு மெஷின் வந்து தூக்கிவிடும் என்று ஒரு நினைப்பு. மருதைக்கு அறுபத்தொன்பது வயது. எந்த மெஷினையும் அவர் நம்பியதில்லை. சொல்லப்போனால் மனுஷனையும் பெரிதாக நம்பியதில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூரையும் தாண்டி, வாழைத்தோப்புகளுக்கு நடுவே காவிரிக்கு இறங்கும் மண் பாதையின் முடிவில் இருந்தது அந்தப் படகுத்துறை. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்த ரெங்கராஜ் என்பவருடையது. ஒரு டிக்கெட் கொட்டகை, ஆற்றுக்குள் இறங்கும் பதினோரு படிகள், நான்கு மோட்டார் படகுகள். இப்போது மூன்றுதான். அவற்றையும் கரையில் கவிழ்த்துப் போட்டு, கேட்டுக்குச் சங்கிலி மாட்டி, முத்திரை குத்திய காகிதம் ஒன்றை ஒட்டி ஒரு மாதம் ஆகிவிட்டது. படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மருதைக்கு இப்போது காவல் வேலை.

அக்டோபர் முடியப் போகிற ஒரு வியாழக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொட்டகைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கீழே இருந்த காலி டப்பாவில் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, மேட்டூரிலிருந்து வந்த புதுவெள்ளம் அழுகிய வாழைச்சருகுகளையும் எங்கோ பிய்ந்த நாணலையும் சுமந்துகொண்டு, பேச்சு மூச்சில்லாமல், செந்நிறமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மருதை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மணி நாலு பத்து.

"வணக்கம் சார், மருதைங்களா? பெங்களூர் கண்ட்ரோல் ரூம்லேர்ந்து பேசறேன். உங்க நம்பர்ல பதிவாகியிருக்கிற அபாய சிக்னல் பெட்டி ஆன் ஆயிருக்கு. படகுல எத்தனை பேர் இருக்காங்க சார்?"

"எந்தப் படகும்மா? தொறையையே மூடி ஒரு மாசமாச்சு."

"சிக்னல் வருதே சார். கல்லணைக்குக் கொஞ்சம் மேல காட்டுது. ஆத்து நடுவுல."

மருதை வெற்றிலையைக் கீழே வைத்தார். "அந்தப் பொட்டி ஆத்தோட போச்சுன்னு அப்பவே எழுதிக் குடுத்தாச்சும்மா. எங்கயாச்சும் ஒதுங்கிக் கெடக்கும்."

"அப்படீங்களா? அந்தப் பக்கம் சொல்லிப் பாக்கச் சொல்றேன் சார்."

பேச்சு முடிந்தது. அவர் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டி ஆற்றோடு போகவில்லை. மேலூர் ரோட்டில், அவர் வீட்டில், அவர் படுக்கிற கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அது தெரிந்த ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

சைக்கிளை அவர் அவ்வளவு வேகமாக மிதித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். வாசலில் அமிர்தம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போய்க் குனிந்தார்.

"ஏங்க, வந்ததும் வராததுமா கட்டிலுக்கடியில தலைய விடுறீங்க? எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"எலிதான்."

"நாலு நாளா ஒரு வாடை அடிக்குதுன்னு சொன்னேனா இல்லையா? எம் மூக்குலதான் கோளாறுன்னீங்க."

அவர் கை நின்றது. நாலு நாளாகவா? மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். அந்துருண்டை வாசனை. பழைய துணி வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று. ஆற்றில் தண்ணீர் வற்றும்போது குழிகளில் தேங்கிக் கிடக்கிற சேற்றின் வாடை.

அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்து டிரங்கைத் திறந்தார். எல்லாம் உலர்ந்துதான் இருந்தது. பழைய வேட்டியில் சுற்றி வைத்த பெட்டி வைத்தபடியே இருந்தது. பெரிதொன்றும் இல்லை, ஒரு பால் டப்பா உயரம்தான். மஞ்சள் நிறம். உச்சியில் ஒரு குச்சி, அதன் பக்கத்தில் கண்ணாடிக் குமிழ் விளக்கு. சிவப்புப் பின்னை இழுத்தாலோ, தண்ணீரில் விழுந்தாலோ அந்த விளக்கு வெள்ளையாக மினுக்கும், மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுக்குச் சேதி போகும், அங்கிருந்து பெங்களூருக்கு, பெங்களூரிலிருந்து பதிவு செய்த போனுக்கு. ரெங்கராஜ் எந்த நேரமும் போன் எடுக்கிற ஆள் இல்லை என்பதால் மருதையின் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

விளக்கு மினுக்கவில்லை. பின் இருந்த இடத்தில் இருந்தது. பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கூட அப்படியே இருந்தன. பார்த்தாயா, எல்லாம் ஏமாற்று வேலை என்று நிம்மதியாக மூச்சு விட்டவர், குங்குமத்தை விரலால் தொட்டார்.

விரலில் ஒட்டியது. ஈரம். ஒரு மாதத்துக்கு முந்திய பொட்டு, இப்போதுதான் குழைத்து வைத்த மாதிரி.

மழைக்கால ஈரம் என்று சொல்லிக்கொண்டு வேட்டியில் துடைத்தார். பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

*

ஆயுத பூஜை அன்று காலையில் கொட்டகையைக் கழுவிவிட்டு, படகுகளுக்கு வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு படகின் மூக்கிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கித் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். லீவு நாள், கூட்டம் வரும், ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று ரெங்கராஜ் சொல்லிவிட்டார். படகு ஓடலாம். ஆனால் சரஸ்வதி படத்தின் காலடியில் வைத்தவற்றைத் தொடக் கூடாது. ஸ்பேனர்கள், விசில், கயிற்றுச் சுருள், டிக்கெட் புத்தகம், இந்த மஞ்சள் பெட்டி. மறுநாள் காலையில் மறுபடி ஒரு முறை சூடம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். மருதை நாற்பது வருஷத்தில் ஒரு தடவையும் இதை மீறியதில்லை. அன்றைக்கு டிக்கெட்டைக் கூட வெள்ளைத்தாளில்தான் எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

மூன்று மணி வாக்கில் டோமினிக் வந்து கொட்டகை வாசலில் நின்றான். பொன்மலைக்காரன். படகு ஓட்டுகிறவர்களில் கெட்டிக்காரன், வாய்க்காரனும் கூட.

"அண்ணே, பொட்டியக் குடுங்க. ஒரு ஜோடி எலமனூர் வரைக்கும் போகணுங்குது. தண்ணி வேற ஏறுது."

"பூஜையில இருக்கு. நாளைக்கு எடுத்துக்க."

"படகே ஓடுது, பொட்டிக்கு மட்டும் என்னண்ணே லீவு? கெவர்மெண்டு உத்தியோகமா அது?"

"உங்க கோயில்ல சாமி வச்சிருக்கிற பொட்டிய எவனாச்சும் பூசை நடுவுல தொறந்தா விடுவியாடா நீ?"

"விடமாட்டேண்ணே." டோமினிக் சிரித்தான். "ஆனா உசுரு போவுதுன்னா சாமியே தொறந்து குடுத்துடும்." சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்தபடி. என்ஜின் கயிறு அறுத்த தழும்பு குறுக்கே ஓடுகிற கை. "ஒரு மணி நேரம். கொண்டாந்து வச்ச எடத்துலயே வச்சிடறேன்."

"கைய நீட்டாத, போ. ஆத்துல பொறந்து வளந்தவனுக்குப் பொட்டி எதுக்கு?"

கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியிருந்தது. பிறகு போய்விட்டது.

நாலு பத்துக்கு என்ஜின் நின்றிருக்கிறது. மேலே அணையில் ஷட்டரைத் திறந்ததால் வந்த தண்ணீர் படகை ஒரு கட்டையில் மோதிக் கவிழ்த்தது. அந்த ஜோடி ஒரு நாணல் திட்டில் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது. படகு கிழக்கே போயிருக்கும் என்று நினைத்து எல்லோரும் அம்மா மண்டபம் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது, டோமினிக் மேற்கே இரண்டு கல் தொலைவில், ஆற்று நடுவில், ஒரு கருவேலங்கட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். ஆறு மணி வரைக்கும் அவர் குரல் கேட்டது என்று அந்த ஜோடியில் இருந்த பெண் போலீஸில் சொன்னாள். ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டியபடியே இருந்தார் என்றாள். இருட்டின பிறகு குரலும் இல்லை, கையும் இல்லை. உடம்பு இன்னும் கிடைக்கவில்லை.

பெட்டி படகில் இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இருந்தது, வேலை செய்யவில்லை என்று மருதை சொன்னார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாய் தானாகச் சொல்லியது. அன்று இரவே, மறுநாள் காலையில் காட்ட வேண்டிய சூடத்துக்குக் காத்திராமல், படத்தின் காலடியிலிருந்து பெட்டியை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.

*

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு அதே பெண் பேசினாள்.

"சார், பெட்டி கெடைக்கலை. இன்னைக்கு உத்தமர்சீலிகிட்ட காட்டுது." கொஞ்சம் தயங்கினாள். "உங்க ஊர்ல ஆறு எந்தப் பக்கமா ஓடுது சார்?"

"கெழக்கே. வேற எங்க ஓடும்?"

"இது மேற்கே வருது சார்."

மருதை தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே ஆறு கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து போனது. அதுவும் கிழக்கேதான் போனது.

"மெஷின் கோளாறும்மா," என்றார் கடைசியில். "வாங்கும்போதே சொன்னேன், எவன் கேட்டான்?"

அவர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. அற்புதம்மாள், டோமினிக்கின் மனைவி. குரலில் அழுகை எல்லாம் வற்றிப் போயிருந்தது.

"அண்ணே, ஞாயித்துக்கெழமை கல்லறைத் திருநாள். எல்லாரும் மெழுகுவத்தி வைக்கப் போவாங்க. எனக்கு வைக்க எடமில்ல. தொறைப் படிக்கட்டுல ஒன்னு ஏத்திட்டுப் போறேன். கேட்டைத் தொறந்து விடுவீங்களா?"

"வாம்மா."

"ஒன்னே ஒன்னு கேக்கறேண்ணே. பொட்டி அவரு கூட இருந்துச்சுல்ல?"

இதோடு நாலாவது தடவையாகக் கேட்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில், போலீஸ் ஸ்டேஷனில், பூசை முடிந்த கோயில் வாசலில், இப்போது போனில். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்.

"இருந்துச்சும்மா. அதான் வேலை செய்யல. வித்தவன் ஏமாத்திப்புட்டான்."

"சரிங்கண்ணே," என்று அவள் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை, அம்மா மண்டபம். மருதை போனை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போய்ப் பார்த்தார். கண்ணால் பார்த்தால் தீர்ந்துபோகிற சந்தேகம்தானே. படித்துறையில் வழக்கம் போல ஈரத்துணி, தர்ப்பை, எள், பூச்சரம், குளிக்கிறவர்களின் கூச்சல். ஆனால் ஒரு மூலையில் மட்டும் நாலைந்து படிகளை விட்டுவிட்டு எல்லோரும் தள்ளித் தள்ளி இறங்கினார்கள். அவர் அந்தப் பக்கம் கால் வைத்ததும் தர்ப்பணம் செய்துவைக்க உட்கார்ந்திருந்த ஒருவர் கையை ஆட்டினார்.

"ஓய், அந்தப் படியில இறங்காதேயும். கார்த்தாலேர்ந்து ஒரே துர்நாற்றம். என்னன்னே தெரியலை. பெருமாளே!"

மருதை எட்டிப் பார்த்தார். செம்மண் தண்ணீர். ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாடை தெரிந்த வாடை. அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிற வாடை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அமிர்தம் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"நான் அரியமங்கலம் போறேன், மக வீட்டுக்கு. அந்த எலியக் கண்டுபிடிச்சுத் தூக்கிப் போட்டப்பறம் போன் பண்ணுங்க, வரேன். மனுஷி தூங்குற எடமா இது? ராத்திரி பூரா யாரோ தண்ணிய அளையிற மாதிரி சத்தம்."

"குழாய் ஒழுகியிருக்கும்."

"கட்டிலுக்கடியில ஏதுங்க குழாய்?"

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்குப் போன் அடிக்கவில்லை. மருதை கட்டிலில் உட்கார்ந்து, போனைத் தொடையில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலேகால் ஆனது. நாலரை ஆனது. சந்தில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் தாளித்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மூன்று நாளில் மெஷினுக்கே அலுத்துவிட்டது என்று எழுந்தவரின் பாதம் நனைந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து கோடாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செம்மண் தண்ணீர்.

அவர் டிரங்கை வெளியே இழுத்தார். கனத்தது. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார். விளிம்பு வரைக்கும் ஆற்றுத் தண்ணீர். கலங்கிய, சருகு மிதக்கிற தண்ணீர். அதில் மெதுவாக, ஒரு சுழல் இருப்பது போல, அவருடைய வேட்டி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஒரு வெளிச்சம் மினுக்கியது. வெள்ளை வெளிச்சம். மினுக்கு. இருட்டு. மினுக்கு.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. பிறகு அவர் மனசு பழைய தடத்திலேயே ஓடியது. இது வீட்டில் இருந்தால்தானே வம்பு? ஆற்றில் போட்டுவிட்டால் சொன்ன சொல்லும் உண்மையாகிவிடும். எங்கே காட்டினாலும் காட்டிக்கொண்டு போகட்டும். கையை விட்டு எடுத்தார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. குங்குமத்தை மட்டும் அழித்துவிட வேண்டும் என்று துண்டால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சிவந்து வந்தது. துண்டு சிவந்தது, கை சிவந்தது, பொட்டு அப்படியே இருந்தது. மஞ்சப்பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினார். சைக்கிளில் மாட்டினார். துணிக்கு உள்ளே மினுக்கியது.

படகுத்துறைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கேட் வாசலில், முக்காடு போட்டுக்கொண்டு, கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு அற்புதம்மாள் நின்றிருந்தாள். இவள் வரப்போவதை அவர் மறந்தே போயிருந்தார்.

பூட்டைத் திறந்து விட்டார். அவள் படிகளில் இறங்கி, தண்ணீருக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்து, மெழுகைக் கல்லில் உருக்கி ஒட்ட வைத்தாள். வாய் முணுமுணுத்தது. மருதை பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மேல் படியில் நின்றார். அவள் போனதும் வீசிவிடலாம். அவள் போகட்டும்.

அவள் போகவில்லை. அக்கரைத் தென்னைகள் கறுத்தன. கொக்குகள் அடங்கின. காற்று நின்றது. ஆறு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மணி ஆறு. போன்.

"சார்." இன்று அந்தப் பெண்ணின் குரலே வேறு மாதிரி இருந்தது. "இப்ப உங்க தொறையிலயே காட்டுது சார். நீங்க எங்க இருக்கீங்க?"

"தொறையிலதான்."

"ரெண்டு சிக்னல் வருது சார். ஒரே நம்பர்ல ரெண்டு. அப்படி வரவே வராது சார், ஒரு பெட்டிக்கு ஒரு நம்பர்தான். ஒன்னு அசையாம நிக்குது. இன்னொன்னு அதுகிட்ட வந்துட்டிருக்கு. இருபதடி. பத்தடி…"

அவர் போனை இறக்கினார்.

"கையில என்னண்ணே?"

அற்புதம்மாள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பை பின்னால்தான் இருந்தது. ஆனால் கொட்டகைச் சுவரில் வெளிச்சம் விழுந்து விழுந்து மறைந்தது.

"ஒன்னுமில்லம்மா. பழசு."

அவள் படியேறி வந்தாள். அவர் தடுக்கவில்லை, தடுக்கக் கை வரவில்லை. பையை வாங்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் பெட்டியைக் கையில் எடுத்து, அதன் நெற்றியை மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"பூஜையில வச்ச பொட்டு," என்றாள்.

அவர் சிவந்த கையைத் துண்டில் துடைத்தார்.

"போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணாருண்ணே. 'அண்ணன் பொட்டியப் பூஜையில வச்சிட்டாரு, கேட்டா குடுக்க மாட்டேங்குறாரு'ன்னு சிரிச்சாரு. மருதண்ணன் அப்படிச் செய்யமாட்டாரு, நல்லாக் கேளுங்கன்னு நான்தான் சொன்னேன்." குரல் உயரவில்லை. "நீங்களா சொல்லுவீங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். இப்பவாவது சொல்லுங்க. இருந்துச்சா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

"அது வேற பொட்டிம்மா," என்றார் மருதை.

கீழே தண்ணீர் சத்தம் போட்டது.

அவர் பார்த்தார். கடைசிப் படிக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில், ஒரு வெளிச்சம். அவள் கையில் இருக்கிற பெட்டி மினுக்கும்போது அதுவும் மினுக்கியது. இது அணையும்போது அதுவும் அணைந்தது. மினுக்கு. இருட்டு. அடுத்த மினுக்கில், தண்ணீருக்கு மேலே ஒரு கை இருந்தது. வெளுத்து ஊறிய கை. வெள்ளம் அத்தனை வேகமாகப் போகிறபோது, அது மட்டும் அசையவில்லை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. குறுக்கே ஒரு தழும்பு.

கேட்டுக்கொண்டு நின்றது.

வாழைமட்டை. மருதை தனக்குள் சொல்லிக்கொண்டார். வெள்ளத்தில் ஆயிரம் வாழைமட்டை வரும். வெளுத்துத்தான் இருக்கும். ஐந்தாகக் கிழிந்தும் இருக்கும். அவர் திரும்பினார். கேட்டை நோக்கி நடந்தார். சைக்கிளை எடுக்கத் தோன்றவில்லை.

பின்னால் அற்புதம்மாள் படியிறங்குகிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. நிதானமாக. பிறகு அவள் குரல். வீட்டில் புருஷனுக்குச் சோற்றுத் தட்டை நீட்டுகிற பெண்ணின் குரல்.

"இந்தாங்க."

ஏதோ கனமான ஒன்றிலிருந்து தண்ணீர் வழிந்து கல்லில் விழுந்தது. நிறையத் தண்ணீர். வெகுநேரம் விழுந்தது. பிறகு ஈரமான ஒரு காலடி. ஒரு படி. இன்னொரு படி.

மருதை ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்? மண் பாதை இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

"சார், ஒன்னாயிடுச்சு சார். ரெண்டும் ஒன்னாயிடுச்சு. கரையேறி நடக்குது. நீங்க எங்க…"

அணைத்தார்.

"திருட்டுப் பொட்டி," என்றார் சத்தமாக. "வாங்கும்போதே சொன்னேன்."

அப்போது முதல் மினுக்கு வந்தது. பின்னாலிருந்து. பாதை முழுக்க வெள்ளையாகி, அவருடைய நிழல் நீளமாக, மங்கலாக, முன்னால் போய் விழுந்தது. மறைந்தது.

எவனோ வண்டியில் வருகிறான்.

மறுபடி. நிழல் இன்னும் கறுப்பாக விழுந்தது.

ஹாரன் இல்லை. இஞ்சின் சத்தம் இல்லை. சொத். சொத். அவர் கால் வைக்கிறபோதெல்லாம், அவருக்குப் பின்னால் இன்னொரு கால்.

வண்டிதான். வேறென்ன. மருதை தலையைத் திருப்பவில்லை. நடந்தார். ஒவ்வொரு மினுக்குக்கும் அவர் நிழல் அவருக்கு முன்னால் விழுந்து விழுந்து எழுந்தது. முதலில் கலங்கலாக இருந்த விளிம்பு இப்போது கத்தியால் வெட்டியது போல் இருந்தது. துண்டின் கிழிசல் தெரிந்தது. காதோரத்து மயிர் தெரிந்தது. அந்த நிழலின் தோளுக்குப் பக்கத்தில், பின்னாலிருந்து நீண்டு வந்து, விரித்த ஐந்து விரல்கள் தெரிந்தன. உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"வாழைமட்டை," என்று சொல்லிக்கொண்டே அவர் நடந்தார்.